ஊதா போன் விற்ற அக்கா

போன் விற்ற மறுநாள், வாங்கினவரையே கூப்பிட்டு, "போன் எப்படி இருக்கு?" என்று கேட்கிற ஆள் தஞ்சாவூர் முழுக்கத் தேடினாலும் அக்கா ஒருத்தராகத்தான் இருப்பார். முதலாளி சொல்லி இல்லை. கம்பெனி சொல்லியும் இல்லை. மதியம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, கடை வாசல் வெயிலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே தன் சொந்த போனில் கூப்பிடுவார். "நேத்து நம்ம கடையில வாங்குனீங்கள்ல, நான்தான் எடுத்துக் குடுத்தேன். சத்தம் நல்லா கேக்குதா? அம்மாவுக்கு வாங்குனதுன்னு சொன்னீங்களே, அவங்ககிட்ட குடுங்க. எடுக்கத் தெரிஞ்சுதா அவங்களுக்கு?" சிலருக்குச் சந்தோஷமாக இருக்கும். சிலர், "இப்ப என்னத்தை விக்கப் பாக்குறீங்க?" என்று எரிந்து விழுவார்கள். அக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கேட்டது தெரிந்தால் போதும் அவருக்கு.

எங்கள் செல்போன் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மகள் பிறந்து சில வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தேன் நான். பில் போடுகிற கம்ப்யூட்டர் எனக்கு, கவுன்ட்டர் அக்காவுக்கு. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். ஆனாலும் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவர் அக்கா. ஊர் வேளாங்கண்ணிப் பக்கம். இங்கே பூக்காரத் தெருவில் ஒரு மாடி போர்ஷனில் அம்மாவோடு இருந்தார்.

காதில் விழுந்த ஒன்று நிஜமா பொய்யா என்று தெரிகிறவரை அவருக்கு இருப்புக் கொள்ளாது. மேட்டூர் திறந்தாச்சு, கல்லணைக்குத் தண்ணி வந்தாச்சு என்று டிவியில் பூத் தூவுவதைக் காட்டுவார்கள். நாங்கள் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அக்கா ஊரில் இருக்கிற தன் சித்தப்பாவைத் தினமும் கூப்பிடுவார். "நம்ம வாய்க்காலுக்கு வந்துடுச்சா? வரலையா? அப்ப ஏன் வந்துடுச்சுங்கறாங்க?" ஒருநாள் நான் சிரித்துவிட்டேன். "நாங்க கடைமடை, புள்ள. தண்ணி வருதுன்னா நம்ப மாட்டோம். கால் நனையணும்" என்றார்.

இந்தக் குணத்தால் அவருக்கு ஒரு கல்யாணமே தட்டிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போயிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே அக்கா மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். "கலந்து பேசிட்டீங்களா? என்ன முடிவு?" அந்த மனுஷர் பதில் சொல்லத் தெரியாமல் போனைத் தன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அத்தோடு முடிந்தது. இதை எங்களிடம் சொல்லும்போது அக்கா கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரிப்பார். "ஒரு கேள்விக்கே அம்மாகிட்ட போனைக் குடுக்கறவரு, என்னோட எப்படிப்பா குடும்பம் நடத்துவாரு?"

எல்லா நேரமும் சிரிக்க முடியாது. என் மகளுக்குக் காய்ச்சல் வந்து நான் லீவு போட்ட அன்றைக்கு ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இறங்கிச்சா, என்ன மருந்து குடுத்தே, டாக்டர் என்னதான் சொன்னாரு. அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்குப் பயமே வந்தது. "அக்கா, கொஞ்ச நேரம் என்னை நிம்மதியா விடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக, "சரி, விடுறேன். இறங்கினதும் நீயே சொல்லிடு" என்றார். கோபித்துக்கொண்டு சொன்னதில்லை. கெஞ்சின மாதிரி இருந்தது.

இப்படிப்பட்டவர் கையால்தான் ஊதா போன் விற்றது.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் புதிதாக வந்த மாடல் அது. மாடல் பெயரை யாரும் சொல்லவில்லை. முதுகுப்பக்கம் கத்தரிப்பூ நிறத்தில் மின்னும் என்பதால் எல்லோருக்கும் ஊதா போன்தான். பெரிய திரை, நல்ல கேமரா, கைக்கு அடங்கின விலை. பாபநாசம், திருவையாறு, ஒரத்தநாடு என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து வாங்கினார்கள். அக்கா விற்ற அளவுக்கு வேறு யாரும் விற்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள், ஷோகேஸில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஊதா போனைக் கையில் எடுத்தவர், அதை அப்படியே கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"புள்ள, இங்க வா. தொட்டுப் பாரு."

அடிப்பக்கம், சார்ஜ் ஒயர் குத்துகிற இடத்துக்கு மேலே, நன்றாகவே சுட்டது. "சார்ஜ்ல இருந்தா சுடத்தானேக்கா செய்யும்" என்றேன். அக்கா வேறொரு போனைச் சார்ஜில் போட்டு அதையும் தொட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரை இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே பாபநாசத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். அவருடைய ஊதா போனின் முதுகு ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். வேறு சார்ஜரில் போட்டிருப்பார் என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை கடைக்கு வந்துபோகிற கம்பெனி ஆளை அக்கா வாசலிலேயே மடக்கினார்.

"தம்பி, உள்ள என்ன கோளாறு?"

"ஒண்ணுமில்லக்கா. சாஃப்ட்வேர் அப்டேட் வருது, சரியாயிடும்."

"சாஃப்ட்வேர் வந்தா உப்புன பேட்டரி வத்திடுமா?"

அவன் சிரித்து மழுப்பினான். அக்கா விடவில்லை. டீக்கடை வரை கூடவே போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. "உள்ள ஏதோ ஒரு பாகம் சரியில்லையாம். இனிமே வர்றதுல மாத்திடுறாங்களாம். வித்ததைப் பத்தி மேலேருந்து ஒண்ணும் சொல்லலையாம். அவனுக்கு அதுக்கு மேல தெரியலை" என்றார்.

அதற்குள் வாட்ஸப்பில் ஒரு குரல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. யார் பேசியது, எங்கிருந்து வந்தது, ஒருவருக்கும் தெரியாது. "ஊதா போன் வெச்சிருக்கிற நண்பர்களே, யாரும் ரிப்பேருக்குக் குடுக்காதீங்க. அதுல ஒரு பார்ட் ஃபால்ட். கம்பெனிக்காரன் அடுத்த மாடலை முன்கூட்டியே இறக்கப் போறான். பழசைக் குடுத்தா புதுசு தர்றான். பில்லு, டப்பா எல்லாம் பத்திரமா வைங்க. முக்கியமான விஷயம், போன் ஆன்ல இருக்கணும். ஆஃப் ஆன போன் செல்லாது."

இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அதுவரை சூடாகுதே என்று எடுத்து ஓரமாக வைத்தவர்கள்கூட, புதுசு கிடைக்கப் போகிறது என்று இராப்பகலாகச் சார்ஜில் போட்டு உயிரோடு வைத்துக்கொண்டார்கள். அது போதாதென்று, ஊதா போன் இல்லாதவர்களும் தேடி வந்தார்கள். இப்போது ஒன்று வாங்கிவைத்தால் அடுத்த மாடல் சும்மா வருமாம். முதலாளிக்கு ஏக சந்தோஷம். குடோனில் மிச்சம் இருந்ததையெல்லாம் முன்னால் எடுத்து அடுக்கச் சொன்னார்.

அக்கா அடுக்கவில்லை. வந்தவர்களிடம், "அது வேண்டாம்ங்க, சூடாகுது. வேற பாருங்க" என்று சொல்லிவிட்டார். "ஓகோ, உங்களுக்கே எடுத்து வெச்சுக்கிறீங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். அக்கா வேறொரு போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

பிறகு தான் விற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவார். ஒரு பக்கத்துப் பேச்சை வைத்தே மறுபக்கம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிடும்.

"சார், நான் கடையிலேருந்து பேசுறேன். இல்லீங்க, புதுசு இன்னும் வரலை. நான் சொல்றதைக் கேளுங்க, தலைமாட்டுல வெச்சு சார்ஜ் போடாதீங்க. இல்ல சார், எப்ப வரும்னு தெரியாது. பில்லு இருக்கட்டும் சார், சார்ஜு..."

யாரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். எல்லோருக்கும் கேட்க வேண்டியது புதுசு எப்போது என்பது மட்டும்தான். பேசிப் பேசி அக்காவுக்குக் குரல் கட்டிவிட்டது. வெந்நீரை ஆற்றிக் குடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போடுவார்.

ஒரு எண் மட்டும் போகவே இல்லை. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து வந்து வாங்கிய ஒரு பெண்ணுடையது. சிங்கப்பூரில் இருக்கிற புருஷனுடைய எண்ணைத்தான் பில்லில் கொடுத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணை உனக்கு ஞாபகம் இருக்கா? கைக்குழந்தையோட வந்துச்சே. நீளமா ஒயர் கேட்டுச்சு" என்றார் அக்கா.

எனக்கு ஞாபகம் இல்லை.

"தொட்டில் வரைக்கும் எட்டணும்க்கான்னு கேட்டுச்சு, புள்ள. நான்தான் தேடி எடுத்துக் குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவர் கை ஒரு வேலையிலும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, தலையில் போட்டிருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "வர்றியா? தனியாப் போனா யாரும் பேச மாட்டாங்க." என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மகளை அவரிடம் விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

சம்பா அறுவடை நேரம். கும்பகோணம் தாண்டியதிலிருந்து ரோட்டில் பாதியை நெல் காயவைத்து அடைத்திருந்தார்கள். அறுவடை மிஷின் ஒன்று வழியை மறித்துக்கொண்டு ஊர்ந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் மூட்டைகள் மலையாகக் கிடந்தன. அக்கா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு இடத்தில் நெல்லில் சக்கரம் வழுக்கி, விழப் பார்த்தோம். "மெதுவாப் போங்கக்கா" என்றேன். "மெதுவாத்தான் போறேன்" என்று இன்னும் முறுக்கினார்.

மண்ணியாற்றுக் கரையோரம் ஒரு ஊர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அடிபம்பில் நின்ற பெண்களிடம், "புருஷன் சிங்கப்பூர்ல, கைக்குழந்தை, ஊதா போன்" என்றார் அக்கா. "நம்ம செல்வியா?" என்று கை காட்டினார்கள்.

பாதி பூசின சுவரோடு ஒரு தளம் போட்ட வீடு. வாசலில் செல்வியின் மாமியார் உளுந்து விதைக்க விதையைப் புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே உத்தரத்தில் சேலைத் தொட்டில் மெல்ல ஆடியது. தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு ஆணின் குரல், சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் நேராகச் சேலை மடிப்புக்குள் போயிருந்தது.

அக்கா செருப்பை உதறிவிட்டு உள்ளே போய், தொட்டிலுக்குள் கையை விட்டு போனை எடுத்து, ஒயரைப் பிடுங்கினார். பிள்ளை வீறிட்டான். அடுப்படியிலிருந்து செல்வி ஓடி வந்தாள்.

"யாரு... அக்கா, நீங்களா? என்ன பண்றீங்க?"

"தொட்டுப் பாரு. எப்படிக் கொதிக்குதுன்னு தொட்டுப் பாரு."

"அது எப்பவும் அப்படித்தான். குடுங்கக்கா, அவரு லைன்ல இருக்காரு."

மாமியார் முறத்தோடு எழுந்து வந்துவிட்டார். "யாருடி இவங்க? கடைக்காரங்களா? நேத்துதான் அடுத்த வாய்ஸ் வந்துச்சு. கடைக்காரங்களே வீடு தேடி வந்து பழசைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க, ஏமாந்துடாதீங்கன்னு. போனைக் குடும்மா முதல்ல."

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "அக்கா, குடுத்துடுங்க, போயிடலாம்" என்று காதில் சொன்னேன்.

அக்கா போனைச் செல்வியின் கையிலேயே கொடுத்தார். "உன் போன் எனக்கு வேண்டாம்மா. புதுசு வந்தா நீயே வாங்கிக்க. தொட்டில்ல மட்டும் வைக்காத. அவ்வளவுதான் நான் கேக்க வந்தது."

"சரிக்கா, வைக்கலை."

அக்கா நகரவில்லை. "நாங்க தெரு தாண்டினதும் வெச்சுடுவே."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிற பிள்ளையைத் தோளில் தட்டினாள். "அவங்க அப்பா குரல் கேட்டாத்தான் தூங்குறான்க்கா. பொறந்து இன்னும் அவரு நேர்ல பாக்கலை. லீவு நாள்ல லைனைப் போட்டு வெச்சுட்டு அவரு பாட்டுக்குப் பேசிட்டே இருப்பாரு. நான் என்னக்கா பண்ணுவேன்?"

அக்கா தன் கைப்பையிலிருந்து சொந்த போனை எடுத்தார். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன். காதிலிருந்து தோட்டைக் கழற்றி, அதன் முனையால் குத்தி, தன் சிம்மை வெளியே எடுத்தார்.

"உன் சிம்மைக் குடு. இதுல போட்டுத் தர்றேன். எவ்வளவு நேரம் பேசினாலும் இது சூடாகாது. ஊதாவை ஆஃப் பண்ணி வீட்டுக்கு வெளியில வை. வைக்கோல் பக்கம் வேண்டாம்."

"ஆஃப் பண்ணா செல்லாதாமே?" என்றார் மாமியார்.

"அது எவன் சொன்னதுன்னு எனக்குத் தெரியாதும்மா. செல்லாமப் போனா கடைக்கு வந்து என்னைப் பிடிங்க."

புருஷனை மறுபடி கூப்பிட்டு, அவன் குரல் அந்த விரிசல் போனில் வருகிறவரை அக்கா அங்கிருந்து அசையவில்லை. ஊதா போனை வெளியே மாடிப்படியின் கைப்பிடிச் சுவரில் வைக்கச் சொல்லி, வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது பழக்கத்தில் கைப்பையைத் துழாவினார். உள்ளே சிம் மட்டும்தான் கிடந்தது.

கூட்டத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அக்கா தொட்டிலுக்குள் கை விட்டதும் மாமியார் கத்தினதும் மட்டும் இருந்த வீடியோ எங்களுக்கு முன்னால் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. புதுசு கிடைக்கும் என்று தெரிந்து கடைக்காரர்களே ஊர் ஊராகப் போய்ப் பிடுங்குகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. திங்கட்கிழமை முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நீ என் கடைக்கு வேலை பாக்குறியா, ஊருக்கு வேலை பாக்குறியா?"

"வித்தது நான்தான அண்ணே."

"வித்தாச்சுல்ல? அதோட முடிஞ்சு போச்சு. இனிமே ஒருத்தரையும் கூப்பிட மாட்டேன்னு சொல்லு, வேலையைப் பாரு."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே முடியுமா என்று தனக்குள் கேட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. "அது என்னால ஆகாதுண்ணே" என்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு அம்மாவோடு ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

பங்குனி வெயில் ஏறின சமயத்தில் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. அடுத்த மாடலை முன்னதாகவே இறக்கினார்கள். ஊதா போனைக் கொண்டுவந்தால் மாற்றித் தருவார்களாம், ஆன், ஆஃப் எதுவானாலும் சரியாம். காற்றில் வந்த பேச்சில் பாதி நிஜமாகிவிட்டது. கடை வாசலில் திருவிழாக் கூட்டம். முதலாளி எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.

செல்வியும் வந்தாள், மாமியாரோடு. அவள் ஊதா போனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பிரித்தேன். முதுகு முழுசாகப் பிளந்து, உள்ளே கருகியிருந்தது. "அன்னிக்கே ஆஃப் பண்ணி வெளியில வெச்சோம். அன்னிக்குச் சாயங்காலமே புகைஞ்சுது. படிக்கட்டுச் சுவரெல்லாம் கரி" என்றாள். மாமியார் கடை முழுக்கக் கண்ணால் தேடினார். "அந்தப் பொண்ணு எங்கம்மா?" இல்லை என்றதும் ஒரு பை புது உளுந்தையும் விரிசல் போனையும் என் மேசையில் வைத்தார். "நீயே அது கையில குடுத்துடு. நான் பேசுனதை மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினேன். மாதா கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜில் வேலை என்று சொன்னார்கள். வரவேற்பு மேசையில் நின்று, ஏதோ ஒரு குடும்பத்திடம், "வெந்நீ வந்துச்சா? நிஜமா வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். போன் கருகின கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை?" என்றார். நல்லா இருக்கான் என்றேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நீங்க சொன்னது சரியாப் போச்சுக்கா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் அதைச் சொல்ல விடவில்லை.

"எல்லாரும் வந்து மாத்திக்கிட்டாங்களா?"

"ஏறக்குறைய வந்துட்டாங்கக்கா."

"ஏறக்குறையன்னா? யாரு வரலை?"

எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. பதிலுக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான். கடைசி பஸ்ஸுக்கு நான் கிளம்புகிறவரை அவர் காத்திருப்பது நிற்கவில்லை.

மறுநாள் முதலாளி பேங்குக்குப் போன நேரத்தில் கம்ப்யூட்டரில் தேடினேன். மாற்றிக்கொள்ள வராதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். முதல் எண்ணைப் போட்டேன். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு பெரியவர் எடுத்தார். ஊதா போன் இருக்கா என்றேன்.

"என் மருமவளுது. இருக்கே. சார்ஜுல கிடக்கு. நீங்க வேற போனுக்குல்ல பேசுறீங்க."

"எங்க கிடக்கு?"

"கட்டில்ல. பேத்தி பாட்டுக் கேட்டுட்டே தூங்கிடுச்சு."

"ஐயா, முதல்ல போயி அந்த ஒயரைப் பிடுங்கிட்டு, போனை எடுத்து வெளியில மண்ணுல வைங்க. வெச்சுட்டு வந்து பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என் குரலில் என்ன இருந்ததோ. போனைக் கீழே வைக்கிற சத்தம், கதவு, எங்கோ ஒரு ஆடு கத்துவது எல்லாம் கேட்டன. கவுன்ட்டரில் ஒருத்தர் பில்லுக்குக் காத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டினேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

"வெச்சுட்டேன்மா. கை பொசுங்குற சூடு. யாரும்மா நீங்க?"

"உங்க மருமகளுக்கு அந்தப் போனை வித்தாங்களே ஒரு அக்கா," என்றேன். "அவங்கதான் கேக்கச் சொன்னாங்க."